சுவரோவியங்களால் இளைஞர் வன்முறை குறையுமா?

நகரத்தின் சில பகுதிகளில் இளைஞர் குழுக்களுக்கிடையே மோதலும் பழிக்குப்பழியும் ஓயாமல் நடக்கும்போது, அங்குள்ள மக்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய சுவரோவியங்களை வரைந்தால் வன்முறை குறையுமா, குறையும் என்றால் அதை எப்படித் தொடங்குவது என்பது கேள்வி. இதற்கான பதிலை இரண்டாகப் பிரித்துச் சொல்வதே நேர்மை. வரைந்து முடித்த ஓவியம் தன்னளவில் ஓங்கிய கையைத் தடுத்து நிறுத்தியது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அந்த ஓவியம் உருவாகும் மாதங்களில் யார் யாரோடு வேலை செய்தார்கள், எத்தனை மணி நேரம், யாருடைய மேற்பார்வையில், என்ன ஊதியத்துக்கு என்பவை வன்முறையைக் குறைக்கக்கூடும் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஆகையால் ஒரு நகராட்சியோ தொண்டு நிறுவனமோ சுவரையே இலக்காகக் கொள்ளாமல், ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கவே அஞ்சும் இளைஞர்களை நெடுநாள் ஒரே இடத்தில் வைத்திருக்கக் கிடைத்த நல்ல சாக்காக அதைக் கொண்டால்தான் பணம் வீணாகாது.

இந்த எண்ணம் புதியதன்று. 1970இல் லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஜூடி பாக்கா என்ற இளம் ஓவியர், ஒன்றுக்கொன்று பகையான நான்கு கும்பல்களைச் சேர்ந்த இருபது இளைஞர்களைத் திரட்டி, ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் இரு கைகளையும் விரித்து வரவேற்கும் ஒரு பாட்டியின் உருவத்தை வரைந்தார். பாட்டியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்தக் கும்பலும் தனக்கே சொந்தம் என்று உரிமை கொண்டாட முடியாத, ஆனால் எல்லாக் கும்பல்காரர்களும் தலைவணங்கும் உருவம் அது. ஆறு ஆண்டுகள் கழித்து, அதே நகரின் வெள்ள வடிகால் ஒன்றின் கான்கிரீட் சுவரில், கலிஃபோர்னியாவின் வரலாற்றை அதில் இடம் மறுக்கப்பட்ட மக்களின் பக்கமிருந்து சொல்லும் மிகப் பெரிய ஓவியத்தை அவர் தொடங்கினார். முதல் கோடையில் நீதித் துறை அனுப்பிவைத்த 80 இளைஞர்களும், பத்து ஓவியர்களும், ஐந்து வரலாற்றாளர்களும் சேர்ந்து 1,000 அடி நீளத்தை முடித்தார்கள். 1980களின் முற்பகுதி வரை ஐந்து கோடைகளில் அது அரை மைல் நீளத்துக்கு வளர்ந்தது. வேலை செய்த இளைஞர்களின் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது அந்த ஐந்து வரலாற்றாளர்களை. தூரிகையைப் பிடிப்பதற்கு முன்னால் எதை வரைகிறோம் என்று படிக்க வேண்டியிருந்தது, படித்ததைப் பற்றி வாதாட வேண்டியிருந்தது. பகையாளிகளுக்குத் தங்கள் பகையைத் தவிர வேறொரு பேச்சு கிடைத்தது.

பிலடெல்ஃபியாவின் கதை வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. 1984இல் மேயர் வில்சன் குட், சுவர்களில் கிறுக்குவதை ஒழிப்பதற்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதில் பணிக்குச் சேர்ந்த ஜேன் கோல்டன், கிறுக்கிய இளைஞர்களைத் துடைக்க வைப்பதோடு நிற்காமல், அவர்களுக்குள் இருந்த ஓவியத் திறமைக்கு முறையான வேலை கொடுக்கலாம் என்பதைக் கண்டார். 1996இல் அது நகரத்தின் சுவரோவியத் திட்டமாகவே மாறியது. இன்றுவரை அங்கே நாலாயிரத்துக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் உருவாகியிருக்கின்றன. அவற்றுள் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமானவை, 2004 வாக்கில் முடிந்த 'குணமாக்கும் சுவர்கள்'. கிரேட்டர்ஃபோர்ட் சிறையில் இருந்த கைதிகளும், குற்றங்களில் உறவினரை இழந்தவர்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்தார்கள். எந்தக் காட்சியை வரைவது என்பதில் இரு தரப்புக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. கடைசியில் குற்றம் செய்தவர்களின் பயணத்துக்கு ஒரு சுவரும், பாதிக்கப்பட்டவர்களின் பயணத்துக்கு இன்னொரு சுவருமாக இரண்டு ஓவியங்கள் எழுந்தன. சமரசம் என்ற பெயரில் இரண்டு துயரங்களையும் ஒரே படத்தில் கலக்காமல் விட்டதுதான் அந்தத் திட்டத்தின் பெரிய நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது. சமாதானப் புறா ஒன்றை வரைந்து முடித்துவிடுவது எவ்வளவோ எளிது.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதற்கு வருவோம். சூழல் மாறினால் நடத்தை மாறும் என்ற கருத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் நடந்த ஒரு சோதனையில், அஞ்சல் பெட்டியிலிருந்து ஐந்து யூரோ நோட்டு வெளியே தெரியும்படி ஓர் உறையை விட்டுவைத்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது 13 விழுக்காட்டினர் அதை எடுத்தார்கள். பெட்டியில் கிறுக்கல்கள் இருந்தபோது 27 விழுக்காட்டினர் எடுத்தார்கள். 2008இல் வெளியான இந்த முடிவைச் சுவரோவிய ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் சில்லறைத் திருட்டுக்கும், நேற்று நண்பனை அடித்தவனை இன்று தேடிப் போவதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. வன்முறைக்கு இன்னும் நெருக்கமான சான்று பிலடெல்ஃபியாவிலேயே கிடைத்தது. அங்கே 541 வெற்றுமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்துத் தாழ்ந்த வேலி போட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில் அத்தகைய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவரோவியங்களைப் பொறுத்தவரை, யேல் பல்கலைக்கழகத்தார் அதே நகரத்தில் மனநலத்தை மையமாகக் கொண்ட திட்டமொன்றை ஆராய்ந்தபோது, புதிய ஓவியங்களுக்கு அருகில் வசித்தவர்களிடையே அக்கம்பக்கத்தார்மீது இருந்த நம்பிக்கையும், பொது நன்மைக்காகத் தலையிடும் துணிவும் மற்றவர்களோடு ஒப்பிடுகையில் கூடியிருந்ததைக் கண்டார்கள். இந்தத் துணிவு அற்பமானதன்று. சிகாகோவின் 343 பகுதிகளை ஆராய்ந்து 1997இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, வறுமை முதலிய காரணிகளைக் கழித்துப் பார்த்த பிறகும், இப்படி ஒன்றுபட்டுத் தலையிடும் இயல்புள்ள பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்ததைக் காட்டியது. எனவே ஓவியத்திலிருந்து அக்கம்பக்க நம்பிக்கைக்கும், நம்பிக்கையிலிருந்து வன்முறைக் குறைவுக்கும் ஒரு பாதை இருக்கலாம். ஆனால் அந்தப் பாதையின் இரு பாதிகளும் தனித்தனியாகத்தான் அளக்கப்பட்டிருக்கின்றன.

நான் மிகவும் முக்கியமாகக் கருதும் ஆய்வில் ஓவியமே கிடையாது. சிகாகோவில் வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரக் கோடைக்கால வேலை கொடுத்தார்கள்: வாரம் 25 மணி நேரம், சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம், உடன் நின்று வழிகாட்ட ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காக அவர்கள் கைதானது, வேலை கிடைக்காதவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தக் குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு ஏற்பட்டது என்பதுதான் வியப்பு. அதாவது வேலை பிள்ளைகளைத் தெருவிலிருந்து விலக்கி வைத்ததால் மட்டும் இது நிகழவில்லை. ஒரு சுவரோவியத் திட்டத்தை இந்த அமைப்பின்மேல் கட்டலாம்: வாரம் இத்தனை மணி நேரம், கையில் சம்பளம், தவறாமல் வரும் ஒரு பெரியவர், எட்டு வாரத்துக்குக் குறையாத காலம். சனிக்கிழமை காலையில் ஐம்பது பிள்ளைகளை வரவழைத்து, ஆளுக்கொரு தூரிகை கொடுத்து, மதியம் படம் பிடித்து அனுப்பிவிடும் நிகழ்ச்சிக்கு இந்தச் சான்று எந்த வகையிலும் பொருந்தாது.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழி தவறுகின்றன. அறிவிப்பு ஒட்டினால் ஓவியத்தில் ஆர்வமுள்ள, ஏற்கெனவே நல்ல வழியில் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள் முதலில் வந்துவிடுவார்கள். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனால் எந்த நகரத்திலும் கடுமையான வன்முறையில் ஈடுபடுவோர் மிகச் சிறிய எண்ணிக்கையினர், அவர்கள் அறிவிப்புகளைப் படித்து வருவதில்லை. அவர்களை அழைத்து வரக்கூடியவர்கள், அந்தத் தெருவில் பெயருள்ள, ஒருகாலத்தில் தாங்களும் அதே வழியில் போய்த் திரும்பிய பெரியவர்கள். தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000ஆம் ஆண்டில் சிகாகோவில் தொடங்கிய திட்டம், மோதல் வெடிக்கும் முன்னே இடையில் நுழைந்து பேசும் இத்தகையவர்களை ஊதியத்துக்கு அமர்த்தியது. ஓவியக் குழுவுக்குத் தலைமை தாங்கும் ஓவியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்த வேலையை அவரால் செய்ய முடியாது, செய்யச் சொல்வதும் நியாயமன்று. இருவரும் வேண்டும், இருவருக்கும் சம்பளம் வேண்டும். சம்பளத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இளைஞர்களுக்குச் சான்றிதழும் சட்டையும் கொடுத்து, வெளியூரிலிருந்து வந்த ஓவியருக்கு மட்டும் பணம் கொடுக்கும் திட்டம், அந்த இளைஞர்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பாடத்தையே மறுபடி கற்பிக்கிறது.

சுவரைத் தேர்ந்தெடுப்பது பார்ப்பதற்கு எளிய வேலை, உண்மையில் ஆபத்தான வேலை. ஒவ்வொரு சுவரும் யாருடைய எல்லைக்குள்ளாவது இருக்கும். ஒரு குழுவின் தெருவில் மற்ற குழுவின் பிள்ளையைச் சாரத்தின்மீது நான்கு மணி நேரம், முதுகைத் தெருவுக்குக் காட்டியபடி நிற்கச் சொல்வது அவன் உயிரைப் பணயம் வைப்பதாகும். பொது நூலகம், மருத்துவமனை, பேருந்து நிலையம் போல எல்லாத் தரப்பினரும் வந்துபோகும் இடத்தின் சுவர் முதல் முயற்சிக்கு ஏற்றது. ஓவியம் எல்லைக் கல்லாகவும் மாறிவிடும் என்பதை வட அயர்லாந்து நினைவூட்டுகிறது. பெல்ஃபாஸ்டில் ஒரு தெருவுக்குள் நுழையும்போதே இது யாருடைய பகுதி என்பதை முகமூடியும் துப்பாக்கியுமாக நிற்கும் சுவரோவியங்கள் அறிவித்துவிடும். அத்தகைய படங்களை ஊர்மக்களின் சம்மதத்தோடு மாற்றுவதற்காகவே 2006இல் அங்குள்ள கலை மன்றம் 33 லட்சம் பவுண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. சுவரோவியம் என்றாலே சமாதானம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எதை வரைவது என்ற விவாதம், வரையும் வேலையைவிட நீண்டதாக இருக்க வேண்டும். மூன்று மாதம் பேசி ஒன்றரை மாதம் வரைந்தால் அது சரியான விகிதம் என்பேன். எல்லாத் திட்டங்களிலும் தவறாமல் வரும் ஒரு கோரிக்கை, கொல்லப்பட்ட நண்பனின் முகத்தை வரைய வேண்டும் என்பது. இதற்கு எளிய விடை கிடையாது. மறுத்தால் அவர்களுடைய துயரத்துக்கு இடமில்லை என்று சொல்வதாகிவிடும். ஒப்புக்கொண்டால் எதிர்த்தரப்பில் இறந்தவனின் தாய் ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைக் கடந்து போக வேண்டும், அந்த முகமே அடுத்த பழிவாங்கலுக்குச் சூளுரைக்கும் இடமாகவும் ஆகலாம். தனி முகங்களைத் தவிர்த்து, எல்லாத் தரப்பிலும் இழந்தவர்கள் விட்டுச்சென்ற பொருட்களையோ, தாய்மார்களின் கைகளையோ வரைவது ஒரு வழி. பிலடெல்ஃபியாவின் கிரேஸ் ஃபெரி பகுதியில் 1997இல் இனப்பகை வெடித்த பிறகு எழுந்த 'சமாதானச் சுவர்', வெவ்வேறு நிறத்தவரின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதை மட்டுமே காட்டுகிறது. முகம் இல்லாததால் அதை யாராலும் தங்கள் பக்கத்துக்கு இழுத்துக்கொள்ள முடியவில்லை. மேலும், குழுக்களின் அடையாளமாகிவிட்ட நிறங்கள், எண்கள், விரல் சைகைகள் ஆகியவை வெளியாருக்குப் புலப்படாமல் படத்துக்குள் நுழைந்துவிடக்கூடும். இறுதி வரைபடத்தை அந்தத் தெருவை அறிந்த இரண்டு மூன்று பேர் தனித்தனியே பார்த்துச் சொன்ன பிறகே அதைச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அது பாதுகாப்போடு தொடர்புடையது. பெரிய ஓவியத்தை நேரடியாகச் சுவரில்தான் வரைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெய்யப்படாத, காகிதம் போல் மெல்லிய பாலியெஸ்டர் துணியை ஏறக்குறைய ஐந்தடிச் சதுரங்களாக வெட்டி, கட்டம் போட்டுப் பெரிதாக்கிய கோடுகளை அவற்றில் பதித்து, எந்தப் பரப்பில் எந்த வண்ணம் என்று எண் குறித்து, ஒவ்வொரு துண்டையும் அக்ரிலிக் வண்ணத்தால் தனித்தனியாக வரைந்து முடிக்கலாம். பின்னர் பழுது நீக்கி அடிப்பூச்சு பூசிய சுவரில் அவற்றை அக்ரிலிக் பசையால் வரிசைப்படி ஒட்டினால், சுவரில் நேரே வரைந்ததற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. கிரேட்டர்ஃபோர்ட் கைதிகள் சிறையை விட்டு வெளியே வராமலே நகரத்தின் சுவருக்கு வரைய முடிந்தது இதனால்தான். இந்த முறையில் பகையான இரு குழுவினரும் முதல் சில வாரங்கள் வெவ்வேறு அறைகளில் வேலை செய்யலாம். பிறகு ஒரு துண்டின் விளிம்பு அடுத்த துண்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காகவாவது ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். மழைக்காலத்திலும் பணி நிற்காது. நடக்க முடியாத முதியவரும் தம் வீட்டில் உட்கார்ந்து ஒரு சதுரத்தை முடித்துத் தரலாம். சாரத்தில் ஏறும் வேலையைக் கடைசிச் சில நாட்களுக்கு மட்டும், பயிற்சி பெற்ற பெரியவர்களிடம் விட்டுவிடலாம். நீர் கசியும் சுவரை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதில் எந்தப் பசையும் நிற்காது.

காவல்துறையின் பங்கைப் பற்றி இருவிதக் கருத்து உண்டு. சீருடையோடு வந்து கூடவே வரைவது நல்லெண்ணத்தை வளர்க்கும் என்பார்கள். தொடக்க வாரங்களில் அது தவறு என்பது என் எண்ணம். காவலர்களோடு சேர்ந்து நிற்பதைப் பார்த்த யாராவது அந்தப் பிள்ளையைத் துப்புக் கொடுப்பவன் என்று முத்திரை குத்திவிட்டால், அதன் விளைவைத் திட்டத்தால் தாங்க முடியாது. காவல்துறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, பணியிடத்தில் பிள்ளைகளை நிறுத்திச் சோதனை போட மாட்டோம் என்ற உறுதியைப் பெறுவதே போதுமானது. திறப்பு விழாவில் அரசியல்வாதிகள் பேசுவார்கள்; அதைத் தடுக்க முடியாது, ஆனால் முதலில் பேசுவது யார் என்பதைத் திட்டக் குழு முடிவு செய்யலாம்.

கொலம்பியாவின் மெடெயின் நகரத்தின் 13ஆம் வட்டாரத்தைக் காட்டி, ஓவியங்கள் ஒரு வன்முறைப் பகுதியையே மாற்றிவிட்டன என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 2002 அக்டோபரில் இராணுவ நடவடிக்கைக்கு உள்ளான அந்த மலைச்சரிவில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஓவியங்களைப் பார்த்து நடக்கிறார்கள் என்பது உண்மை. உள்ளூர் ஹிப்ஹாப் கலைஞர்கள் அதில் பெரும் பங்காற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே காலத்தில் அந்த நகரம் கேபிள் கார் விட்டது, நூலகங்கள் கட்டியது, 2011இல் அந்தச் சரிவில் நகரும் படிக்கட்டுகளை அமைத்தது. ஆயுதக் குழுக்களின் அதிகாரக் கணக்குகளும் மாறின. இவற்றில் ஓவியத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. வண்ணத்தால் புகழ் பெற்ற பகுதியில் வாடகை ஏறி, வரைந்தவர்களே குடிபெயர நேரும் அபாயமும் உண்டு. சுவர் உரிமையாளரிடம் ஒப்பந்தம் போடும்போதே, ஓவியத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுதிக்கொள்வது நல்லது.

பலனை எப்படி அளப்பது என்று நிதி தருபவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அந்தத் தெருவில் முந்தைய ஆண்டும் அடுத்த ஆண்டும் நடந்த மோதல்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டுக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு தெருவில் அந்த எண்ணிக்கை மிகச் சிறியது, ஒவ்வோர் ஆண்டும் தானாகவே ஏறி இறங்கும். வன்முறை உச்சத்தில் இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு குறைய வாய்ப்பு அதிகம். அதைவிட, சேர்ந்த இளைஞர்களில் எத்தனை பேர் கடைசி வாரம் வரை வந்தார்கள், ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் படிப்பிலோ வேலையிலோ இருக்கிறார்கள், எத்தனை பேர் மீண்டும் காவல்துறையின் பிடியில் சிக்கினார்கள் என்பவற்றைப் பதிவு செய்யலாம். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வந்தால் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து, இடம் கிடைக்காதவர்களையும் பின்தொடர்ந்து பார்க்கலாம். சிகாகோவின் கோடைக்கால வேலை ஆய்வு செய்ததும் இதுதான். இதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கடைசியாகப் பராமரிப்பு. வெளிச் சுவரில் நல்ல அக்ரிலிக் வண்ணமும் சில ஆண்டுகளிலேயே வெளிறத் தொடங்கும், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். யாராவது ஓர் இரவில் அதன்மேல் கிறுக்கவும் கூடும். கிறுக்கலை அழிப்பதற்கு நகராட்சி ஆட்களை அனுப்புவதற்குப் பதிலாக, வரைந்தவர்களுக்கே மணிக்கூலி கொடுத்து அழைக்கும் வகையில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு சிறு தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு வாரம் அவர்கள் அதே சுவருக்குத் திரும்பி வருவார்கள். அப்போது யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை என்பதை விசாரிப்பதற்கு, அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.